வானம் பாராத பயிர்

அடைமழை சற்றே ஓய்ந்து வெயில் முகம் காட்டிய ஓர் ஐப்பசி முற்பகலில், பீரோவிலிருந்த துணிமணிகளில் பூஞ்சணம் பற்றிவிடக் கூடாதே என்ற கவலையினால் என் மனைவி அவற்றையெல்லாம் மொட்டைமாடிக் கொடியில் பரப்பிக்கொண்டிருந்தாள். கனடா தேசத்தில் எங்கள் பெண்ணின் வீட்டில் இருந்த காலத்தில் நான் உடுத்திக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையை மாத்திரம் இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இதென்ன, உங்கள் மாமா வீட்டு மருந்தறை வாடை அடிக்கிறதே!” என்றாள். வாங்கி முகர்ந்து பார்த்தேன். கசக்கிய பச்சிலை, பிசின், எலுமிச்சைத் தோல், அடியில் சற்றே நெடிய ஒரு காரம் எல்லாம் கலந்திருந்தன. செங்கற்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையிலுள்ள எங்கள் கிராமமும், அம்மான் வீட்டு இருட்டறையும், மாமல்லபுரத்துக் கடற்கரைக் குடிசைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவில் ஏறி வந்தன. ஆனால் சட்டையில் அந்த வாடை ஏறியது இவற்றில் எந்த இடத்திலும் அல்ல; ஸ்கார்பரோவில் என் பெண்ணின் வீட்டு நிலவறையில்.

அந்த நிலவறையில் ஆணியொன்றில் என் சட்டை தொங்கும். அதற்கு எதிர்மூலையில் கறுப்புத் துணியாலான ஒரு சிறு கூடாரம் நின்றுகொண்டிருந்தது. இரண்டடிச் சதுரமும் ஆளுயரமும் இருக்கும். உள்ளேயிருந்து இரவும் பகலும் மெல்லிய ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்ததால், துணி உலர்த்தும் யந்திரம் போலும் என்று நான் எண்ணியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் என் பேரன் ஒருநாள், தன் தாயார் கடைக்குப் போன சமயம் பார்த்து, “தாத்தா, நீங்க விவசாய டிபார்ட்மெண்ட்ல இருந்தவர்தானே? ஒண்ணு காட்டறேன், அம்மா கிட்ட சொல்லாதீங்க” என்று பீடிகை போட்டுக்கொண்டு அதன் ஜிப்பை இழுத்தான். அம்மாவுக்கு அது முன்பே தெரியும் என்பதும், “தாத்தாவிடம் காட்டித் தொலைக்காதே” என்று அவள் அவனை எச்சரித்திருந்தாள் என்பதும் பின்னால் வெளியாயின.

உட்புறம் முழுவதும் வெள்ளித் தகட்டின் பளபளப்பு. உச்சியில் ஒரு விளக்குப் பலகை. அதன் கீழ், மூலையில் மாட்டிய விசிறியின் காற்றில் இலைகள் அசைந்தும் அசையாமலும், துணியினால் தைத்த தொட்டி ஒன்றில், என் முழங்காலுக்குச் சற்று மேல் உயரத்தில் ஒரு கஞ்சாச் செடி நின்றது. அத்தனை குள்ளமான கஞ்சாச் செடியை அதற்குமுன் நான் கண்டதில்லை. அவன் ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தான். தலைப்பில் திரண்டிருந்த பூங்கொத்தின்மேல், காம்பின் முனையில் நிற்கும் கண்ணாடி உருண்டைகளாகப் பிசின் துளிகள் ஆயிரக்கணக்கில் தெரிந்தன. சில தெளிந்திருந்தன, சிலவற்றில் பால் நிறம் ஏறியிருந்தது. அந்த நாட்டில் 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி முதல் அதை வீட்டில் வளர்ப்பது குற்றமல்லவென்றும், ஒண்டாரியோ மாகாணத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை அனுமதி உண்டென்றும் அவன் சொன்னான். அவன் அதைப் புகைக்கிறானா என்று நான் கேட்கவில்லை. ஒரு பிள்ளையைப் பொய் சொல்ல வேண்டிய சங்கடத்தில் நிறுத்துகிற கேள்வியைப் பெரியவர்கள் கேட்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நான் கேட்டது வேறு. “பகல் இவ்வளவு நீண்டிருக்கும் ஆனி மாதத்தில் இது எப்படியடா பூத்தது?” என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. கேட்க வேண்டிய கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போலும். “அதுதான் தாத்தா விஷயம். இது வெளிச்சத்தைப் பார்த்துப் பூக்கிற செடி இல்லை. வயசைப் பார்த்துப் பூக்கிற செடி. விதை போட்டு 70, 80 நாள்ல எல்லாம் முடிஞ்சிடும். விளக்கை எத்தனை மணி நேரம் வேணா எரிய விடலாம்.”

இந்த வார்த்தையை, ஏறக்குறைய இதே சொற்களில், என் தகப்பனாரிடம் நான் சொல்லியிருக்கிறேன். செடிதான் வேறு.

எங்கள் ஜில்லாவை ஏரி ஜில்லா என்பார்கள். பாலாற்றில் வெள்ளம் வருவது அபூர்வமாகிப் போனாலும், கொளவாய் ஏரியும் மதுராந்தகத்து ஏரியும் அவற்றைப் போன்ற நூற்றுக்கணக்கான சிற்றேரிகளும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்துக்கொண்டு எங்களுக்குச் சோறு போட்டன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்கள் சொல்லப்பட்டாலும், என் தகப்பனார் காலத்தில் மரியாதைக்குரிய பட்டம் சம்பா ஒன்றுதான். செங்கல்பட்டுச் சிறுமணி என்று ஊரின் பெயரையே தாங்கிய நெல்லும் உண்டு. மடுமுழுங்கி, வாடன் சம்பா என்று வேறு பெயர்களும் களத்துமேட்டில் அடிபடும். நீண்ட நாள் சம்பாவிற்கு ஒரு குணம் இருந்தது. ஆடியில் விதைத்தவனுக்கும் மழை தாமதித்ததால் ஆவணிக் கடைசியில் விதைத்தவனுக்கும் கதிர் அநேகமாக ஒரே சமயத்தில்தான் வெளியாகும். முந்தியவனுடைய பயிர் உயரமாக நிற்கும், பிந்தியவனுடையது குட்டையாக நிற்கும், அவ்வளவே வித்தியாசம். பகற்பொழுது குறையக் குறையப் பயிர் அதைக் கண்டுகொண்டு சூல் கட்டும். எங்கள் அட்சரேகையில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறும்பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரந்தான். மனிதர்களாகிய நாம் விளக்கேற்றும் நேரத்தில் மாத்திரம் உணரக்கூடிய அந்தச் சொற்ப வித்தியாசத்தை நெற்பயிர் தன் தோகையினால் அளந்துகொண்டு, கார்த்திகையில் பால் பிடித்து, தை பிறக்கும்போது அரிவாளுக்குத் தயாராகிவிடும். “விதைக்கிற நாள் நம்முடையது, கதிர் விடுகிற நாள் அதனுடையது” என்பார் என் தகப்பனார்.

பயிர் வானத்தைத்தான் கேட்கிறது என்பதற்கு எங்கள் ஊரே ஒருமுறை சாட்சியாக நின்றது. பம்புசெட்டுகளோடு மின்சாரம் கிராமத்துக்கு வந்த புதிதில், ஏரிக்கரை திரும்பும் முனையில் பஞ்சாயத்தார் ஒரு கம்பம் நட்டு, இரவு முழுவதும் எரியும் பெரிய விளக்கு ஒன்றைப் போட்டார்கள். அந்த வருஷக் கார்த்திகையில் ஆயக்கட்டு முழுவதும் கதிர் தள்ளிப் பழுப்பேறிக்கொண்டிருக்க, கம்பத்தின் அடியில் மட்டும் பிறை வடிவத்தில் ஒரு துண்டு நிலம் பச்சைப் பசேலென்று, ஒரு கதிர் கூட இல்லாமல், தோகை விரித்து நின்றது. எங்கள் வயலும் அந்தப் பிறைக்குள் கொஞ்சம் அகப்பட்டது. பிடாரிக்குப் பொங்கலிடத் தவறியதுதான் காரணம் என்று பெண்கள் பேசினார்கள். பூச்சிமருந்து தெளித்தவன் மேல் சிலர் பழி போட்டார்கள். அப்பொழுது நான் பயிற்சி முடித்து விவசாய டெமான்ஸ்டிரேட்டர் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். விளக்கு எரிவதால் பயிருக்கு இரவு வரவேயில்லை. இரவு வராததால் அது இன்னும் ஆடி மாதத்திலேயே இருக்கிறது என்று நான் சொன்னதைக் கேட்டு ஊரார் சிரித்தார்கள். ஆயினும் மறுவருஷம் என் தகப்பனார் ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் பிளந்து, வயற்பக்கம் வெளிச்சம் விழாதபடி கம்பத்து விளக்குக்கு மறைப்புக் கட்டிவிட்டார். கதிர் வந்தது. பிடாரிக்குப் பொங்கலும் வைத்திருந்தபடியால், வெற்றி யாருடையது என்பது இன்றுவரை தீரவில்லை.

நான் சொன்ன அந்த விஷயம் எனக்குச் சொந்தமன்று. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர் 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. மேரிலாண்ட் மாம்மத் என்ற புகையிலை, கோடையெல்லாம் பூக்காமல் இலை மேல் இலையாக விட்டுக்கொண்டு ஆளுயரத்தைத் தாண்டி வளர்வதையும், குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சிறிதாக இருக்கும்போதே பூத்துவிடுவதையும் கண்டு அவர்கள் வியந்தார்கள். வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிய பிறகு, காற்று மட்டும் புகும்படியான ஓர் இருட்டுக் குடிசையைக் கட்டி, கோடைப் பிற்பகல்களில் செடிகளை அதற்குள் தள்ளி வைத்து, காலையில் வெளியே எடுத்தார்கள். பகலைச் சுருக்கியவுடன் புகையிலை பூத்தது. வெளிச்சத்தை மனிதன் தன் கையில் எடுத்துக்கொண்ட முதல் குடில்களில் அது ஒன்று. ஸ்கார்பரோ நிலவறையில் இரைந்துகொண்டிருந்த கூடாரம் அதன் வம்சந்தான். கஞ்சாவும் பெரும்பாலும் சம்பாவின் ஜாதி. இருட்டு நீண்டால்தான் பூக்கும். பேரன் வளர்த்ததோ கலப்பு. ரஷ்ய தேசத்தில் வோல்கா நதிப் பிரதேசத்தில், கோடை வருவதும் போவதும் தெரியாத இடங்களில், குப்பைமேட்டிலும் பாதையோரத்திலும் தானாக முளைக்கும் ஒரு குட்டைச் செடிக்கு யானிஷெவ்ஸ்கி என்ற தாவர சாஸ்திரி 1924-இல் ரூடெராலிஸ் என்று பெயரிட்டார். அங்கே இருட்டு நீளும்வரை காத்திருந்தால் பனி வந்து செடியைக் கொன்றுவிடும். ஆகையால் அது வானத்தைக் கேளாமல், தன் வயதை எண்ணிக்கொண்டு, அவசரமாகப் பூத்து விதைத்துவிடப் பழகிற்று. அந்தக் குணத்தைக் கஞ்சாவோடு சேர்த்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘லோரைடர்’ போன்ற இனங்களைக் கனடாக்காரர்களே விற்கத் தொடங்கினார்கள் என்று பேரன் பெருமையாகச் சொன்னான்.

வானத்தைக் கேளாத நெல் எங்கள் ஊருக்கு வந்தது 1966-க்குப் பிறகு. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்ற இடத்து ஆராய்ச்சி நிலையத்தில், இந்தோனேஷியாவின் பீட்டாவையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் இணைத்து உண்டாக்கிய ஐ.ஆர்.8 அது. அதற்கு ஒரு வருஷம் முந்தியே ஆடுதுறை 27 தஞ்சாவூர்க் குறுவையில் புகுந்து பேர் வாங்கியிருந்தது. ஐ.ஆர்.8-ஐ எங்கள் வட்டாரத்தில் பரப்ப வேண்டிய சேவகர்களில் நானும் ஒருவன். சைக்கிள் காரியரில் விதைமூட்டையைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், “எந்தப் பட்டத்தில் விதைத்தாலும் சுமார் 130 நாளில் அறுவடை, இது பகலைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கிறது” என்று பிரசாரம் செய்துவிட்டு, கடைசியில் என் வீட்டுத் திண்ணைக்கே வந்து தகப்பனாரிடமும் சொன்னேன். அவர் விதையைக் கையில் அள்ளிப் பார்த்தார். விளைச்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை. “தாள் எவ்வளவு உயரம் வரும்?” என்று கேட்டார். இடுப்பளவு என்றேன். “அப்படியானால் மாட்டுக்கு என்ன போடுவது, கூரைக்கு என்ன வேய்வது?” என்றார்.

அந்தக் கேள்விக்கு இலாகா தந்த துண்டுப் பிரசுரங்களில் பதில் இல்லை. ஆயினும் அவர் பாதி நிலத்தில் அதைப் போட்டார், மூட்டைகள் குவிந்தன. ரேஷன் கடை வாசலில் ஜனங்கள் நின்ற காலம் அது. நாள் எண்ணி விளையும் அந்த நெல் வராதிருந்தால் பலர் பட்டினி கிடந்திருப்பார்கள் என்பதை நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன். சோறு விறைத்துப் போகிறது, பழையதுக்கு உதவாது என்று என் தாயார் முகத்தைச் சுளித்ததும் உண்மை. சில வருஷங்களில் ஐ.ஆர்.20 வந்து அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. அதன் பெற்றோர்களில் ஒன்று, அப்போது எங்கள் ஜில்லாவிலேயே இருந்த திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையம் 1952-இல் வெளியிட்ட டி.கே.எம்.6. தண்டு துளைப்பானைத் தாங்கும் குணத்தைத் தந்தது எங்கள் ஊர் நெல் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவிட்டுத்தான் நான் மேடையை விட்டு இறங்குவேன். இப்பொழுது திரூர் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. செங்கற்பட்டும் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறின; பெருமையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நாள் எண்ணுகிற நெல் வந்த பிறகு மாறியவை பல. எந்த மாதத்திலும் நாற்றங்கால் தெரிந்தது, எந்த மாதத்திலும் அறுப்புக் களம் தெரிந்தது. ஒரே காலத்தில் ஊர் முழுவதும் கதிர் வெளியானபோது, நெற்பூ உதிரும் அந்தக் காலை வேளைகளில் வரப்பில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். அந்த வழக்கம் போயிற்று. தைப் பொங்கலுக்குப் புதிரெடுப்பது என்பது பஞ்சாங்கத்தில் நிற்கிறது. பானையில் விழும் அரிசி கடையிலிருந்து வருகிறது. நான் இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. வயலும் பண்டிகையும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது, அதற்குள் நான் பிறந்தேன், அதை நிறுத்திய கைகளில் என் கையும் ஒன்று, அவ்வளவே.

கஞ்சாவுக்கு வருகிறேன். என் அம்மான் திருக்கழுக்குன்றத்தில் சித்த வைத்தியர். வேதகிரீசுவரர் மலையடிவாரத்தில், சங்குதீர்த்தக் குளத்துக்குப் போகும் வழியில் அவருடைய வீடு. பின்கட்டில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதில் கல்வங்களும் புடமிட்ட அகல்களும் பாகு காய்ச்சும் உருளியும் இருக்கும். மேல் பரணில் பூட்டிய தகரப் பெட்டி ஒன்று. சிவமூலி என்று அவர் மரியாதையாகச் சொல்லும் சரக்கு அதில்தான் இருந்தது. சர்க்கார் அனுமதியில்லாமல் ஒரு பிடி வைத்திருந்தாலும் விலங்கு மாட்டுவார்கள் என்று எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார். மதுவிலக்குச் சட்டம் கள்ளோடும் சாராயத்தோடும் கஞ்சாவையும் சேர்த்தே கட்டிப்போட்டிருந்த காலம் அது. பூரணாதி லேகியம் கிண்டும் நாட்களில் குழந்தைகளாகிய எங்களுக்கு அந்த அறையின் வாசற்படிக்கு மேல் அனுமதி இல்லை. இலையை முதலில் பலமுறை கழுவிப் பிழிந்து, பசும்பாலில் அவித்து, நெய்யில் வறுத்துச் சுத்தி செய்வார். அந்த ஆவியே என் மனைவி கல்யாணமான புதிதில் முகர்ந்து, இத்தனை காலம் கழித்துக் கம்பளிச் சட்டையில் இனங்கண்டுகொண்ட வாடை. கழிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் பாக்கு அளவு கொடுப்பார். ருசி கண்டு மறுபடி கேட்க வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். “மருந்து கேட்டு வருகிறவனுக்கு நோய் இருக்கும், லேகியம் கேட்டு வருகிறவனுக்கு ஆசைதான் இருக்கும்” என்பார்.

ஜவ்வாது மலைச் சரக்குத்தான் சிரேஷ்டம் என்று அவர் பழைய நினைவில் சொல்வதுண்டு. பிரிட்டிஷ் சர்க்கார் 1893-இல் நியமித்த கஞ்சா விசாரணைக் கமிஷன், தேசமெங்கும் சுற்றிச் சாட்சியங்கள் வாங்கி, மறுவருஷம் பல பாகங்களாக வெளியிட்ட அறிக்கையில், மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கு இல்லையென்றும், முற்றாகத் தடுப்பது அவசியமில்லையென்றும் முடிவு கூறிற்று. அம்மானுக்கு அந்தக் கமிஷனைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால், ‘மித’ என்ற அளவைக் குறித்துத் துரைமார்களிடம் இரண்டு வார்த்தை கேட்டிருப்பார். ஏனெனில் அளவு தெரியாதவர்களையும் அவர் தினம் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிவேளையில் மலைமேல் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டு செல்லும் காட்சியைக் காண ஜனங்கள் திரள்வார்கள்; அவர்களோடு வடதேசத்துச் சந்நியாசிகளும் வந்து மண்டபத்தில் தங்கிச் சிலும்பி புகைப்பார்கள். மதியத்துக்குமேல் அவர்களில் சிலருக்குக் கழுகு வந்ததா இல்லையா என்பதே ஞாபகம் இராது. இப்பொழுது கழுகுகளே வருவதில்லை. அவை நின்றுபோய் எத்தனையோ வருஷங்கள் ஆகின்றன.

அங்கிருந்து மாமல்லபுரம் கூப்பிடு தூரமென்றே சொல்லலாம். எங்கள் ஊர் பஸ் திருக்கழுக்குன்றத்தைக் கடந்து சமுத்திரக் கரையில்தான் போய் நிற்கும். சவுக்குத் தோப்புகளுக்கு இரசாயன உரம் பற்றி எடுத்துச் சொல்ல அங்கே நான் அடிக்கடி போக நேர்ந்த காலத்தில், ஊரில் இரண்டு சப்தங்கள்தான் இருந்தன: ஒன்று அலையோசை, மற்றொன்று, 1957-இல் சர்க்கார் ஏற்படுத்திய சிற்பப் பயிற்சி நிலையத்திலும் அதன் மாணவர்களுடைய பட்டறைகளிலும் எழும் உளியோசை. பிறகு மூன்றாவதாக கிட்டார் வந்தது. தாடியும் ஜடையுமாக, நம் சந்நியாசிகளின் வேஷத்தில் பாதியைத் தரித்துக்கொண்ட வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும், ஒத்தவாடைத் தெருவிலும் மீனவர் குப்பத்து ஓரங்களிலும் ஓலைக் குடிசைகளை மாத வாடகைக்குப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தங்கினார்கள். நெத்திலி காயும் மணலில், கருவாட்டு நெடிக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே அம்மான் வீட்டு மருந்தறை வாடை திடீரென்று வந்து மூக்கைத் தொடும். திரும்பிப் பார்த்தால் கட்டுமரத்தின்மேல் சாய்ந்து யாராவது கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அவர்களில் ஒரு ஜெர்மானியப் பையன் தன் குடிசையின் பின்புறம் விதை போட்டு ஒரு செடி வளர்த்தான். நான் பயிர் இலாகாக்காரன் என்று யாரோ சொல்ல, சித்திரையில் முளைத்த செடி கூரையை எட்டியும் பூக்கவில்லையே என்று என்னிடம் யோசனை கேட்க வந்தான். அரைகுறை இங்கிலீஷில் அவனும் அரைகுறை இங்கிலீஷில் நானும் சம்பாஷித்தோம். சர்க்கார் சேவகனாகிய நான் செய்யத் தக்கது அவனை எச்சரிப்பதுதான், எச்சரித்தேன். ஆனாலும் சம்பாக்காரனுடைய மகனாதலால், “கார்த்திகை வரட்டும்” என்றும் வாயில் வந்துவிட்டது. கார்த்திகை வரை அந்தச் செடி இருக்கவில்லை. குடிசைக்குச் சொந்தக்காரியான கிழவி, ஐந்தும் ஏழுமாகப் பிரிந்த இலையைக் கண்டு புளிச்சக்கீரை என்றே நம்பி, அவன் ஊரில் இல்லாத ஒருநாள் தழையையெல்லாம் ஒடித்துக் கடைந்துவிட்டாள். மறுநாள் என்னைக் கண்டபோது, “என்னாங்க ஐயா இந்த வெள்ளைக்காரன் கீரை! புளிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, தின்னுட்டு மத்தியானம் பூரா படுத்தே கெடந்தேன்” என்றாள்.

1984-இல் கடற்கரைக் கோயிலும் ரதங்களும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. மறுவருஷம் நவம்பரில் போதைப்பொருள் சட்டம் அமலுக்கு வந்தது. அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்த்தால் ஐந்து வருஷம் வரை கடுங்காவலும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் என்றாயிற்று. இலையும் விதையும் மட்டும் தனியாக இருந்தால் அது கஞ்சா ஆகாது, பூங்கொத்துதான் கஞ்சா என்ற நுட்பமான வரையறையைக் கிழவி அறிந்திருந்தால் ஆறுதல் அடைந்திருப்பாள். அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாயிற்று, ஓலைக் குடிசைகள் மாடி விடுதிகளாயின, கிட்டார்க்காரர்கள் குறைந்து சனி ஞாயிறுகளில் காரில் வருகிறவர்கள் பெருகினார்கள். அம்மானும் தம் கடைசிக் காலத்தில் தகரப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, அதில் ஓலைச்சுவடிகளை வைத்தார்.

நிலவறைக்குத் திரும்புகிறேன். பேரன் அந்தச் செடியை இயற்கை முறையிலேயே வளர்ப்பதாகச் சொல்லி, தான் போட்ட எருக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். பெரிய பெரிய அட்டைப் பெட்டிகளில் கைப்பிடி கைப்பிடியாகச் சாமான்கள். தென்னை நார்க்கழிவைச் செங்கல்லாக அழுத்திய கட்டி ஒன்று. அதன் உறையில் நம் நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தது. வேப்பம் புண்ணாக்கு, அதுவும் நம் நாட்டுச் சரக்கே. மண்புழு எரு. மீனை அழுகவைத்து எடுத்த திரவம். இலாகா ஆணைப்படி யூரியாவைப் புகழ்ந்து ஆயுளில் பாதியைக் கழித்த எனக்கு, என் பாட்டனார் குப்பைக்குழியை ஒருவன் டாலர் கொடுத்து வாங்கி அடுக்கியிருப்பதைக் காணச் சிரிப்பு வந்தது. ஏரி வற்றிய கோடையில் வண்டி வண்டியாக வண்டல் அடித்ததையும், கொழிஞ்சியும் எருக்கும் புங்கந்தழையும் மிதித்ததையும், கிடை போட வந்த ஆட்டுக்காரனுக்கு இராச்சோறு போட்டதையும் அவனுக்குச் சொன்னேன். கடைசியாக அவன் எடுத்த சிறு பை ஒன்றில் சாம்பல் நிறப் பொடி இருந்தது. பெரு தேசத்துக் கடற்பறவைகளின் எச்சம் என்றான், விலையையும் சொன்னான்.

“இதை எங்கள் ஜில்லாவில் வாய்க்காலில் விட்டார்கள்” என்றேன். அவன் நம்பவில்லை. வேடந்தாங்கல் ஏரியில் கார்த்திகை தொடங்கிப் பறவைகள் வந்து நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டும்; அவற்றின் எச்சம் கலந்து ஏரித்தண்ணீரே எருவாகும்; அந்தத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு உரச்செலவு குறைவு என்று அங்குள்ள குடிகள் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள். ஆகையால்தான் பறவைகளைச் சுட வந்த சோல்ஜர்களை எதிர்த்து ஜில்லாக் கலெக்டர் லயோனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்புக் கவுல் எழுதி வாங்கினார்கள். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை என்று நான் சொன்னபோது, பையன் பைக்குள்ளிருந்த பொடியை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டான். “அந்தத் தண்ணி பாயற இடத்துல சம்பா இப்பவும் போடறாங்களா, தாத்தா?” என்று கேட்டான். விசாரித்துச் சொல்வதாக வாக்களித்தேன்.

ஊர் திரும்பியதும் விசாரித்தேன். மதுராந்தகத்துக்கு அப்பால் ஒருவர், பெரும்பாலும் எங்கள் தகப்பனார் வயலில் நின்ற ஜாதியே என்று சொல்லத்தக்க பழைய நெட்டைச் சம்பாவை இன்னும் அரைக்காணியில் விடாமல் பயிரிட்டு வருகிறார் என்று தெரிந்தது. மழைவிட்ட ஒருநாள் அவரைத் தேடிப் போனேன். பயிர் பூட்டைப் பருவத்தில் இருந்தது; தண்டை நகத்தால் கீறி, உள்ளே வெள்ளைச் சரடாகக் கிடந்த இளங்கதிரை அவர் காட்டினார். நான் கைப்பேசியில் ஸ்கார்பரோவை அழைத்து, அதன் கண்ணை வயலுக்கு நேரே பிடித்தேன். அங்கே நள்ளிரவு கடந்த நேரம்; பையன் விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

“இது எத்தனை நாள் பயிர்னு கேளுங்க, தாத்தா.”

கேட்டேன். அவர் என்னைச் சற்று விசித்திரமாகப் பார்த்தார். “நாளா? கார்த்திகைக்குக் கதிர் வரும், தை பொறந்தா அறுப்பேன். நாளை எவன் எண்ணினான்?” என்றார். பிறகு கைப்பேசிக்குள் எட்டிப் பார்த்து, “தம்பி அங்கே என்ன பயிர் வைக்கிறாரு?” என்று விசாரித்தார்.

“மருந்துச் செடி. எண்பது நாளில் முடிந்துவிடுமாம்” என்றேன்.

“மாட்டுக்குத் தாள் தேறுமா?” என்று கேட்டார்.